வானூர்தியும் தரைப்பணியாளரும்

வான்படை என்றதும் மாணவர் மனத்தில் முதலில் தோன்றுபவர் விமானியே. பெற்றோர் பலருக்கோ, குறிப்பாகப் போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் வாழ்ந்தோருக்கு, 'பொம்மர்' இரைச்சலும் பதுங்குகுழியுமே நினைவில் எழும். இவ்விரு பார்வைகளிலும் இடம்பெறாதோர் சிலர் உளர். விமானத்தைப் பழுதுபார்த்து, எரிபொருள் நிரப்பி, பாரம் ஏற்றி, 'இது பறக்கத் தகுதியுடையது' எனக் கையொப்பமிட்டு அனுப்பும் தரைப்பணியாளரே அவர்கள். அவர்தம் தொழிலை அறிய நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. விட்பிக்கு அடுத்துள்ள ஒஷாவாவிலிருந்தே தொடங்கலாம்.

இரண்டாம் உலகப் போர் மூண்ட 1939ஆம் ஆண்டு டிசெம்பர் 17ஆம் நாள் பிரித்தானியப் பொதுநலவாய வான்பயிற்சித் திட்டம் ஒட்டாவாவில் கைச்சாத்திடப்பட்டது. அத்திட்டத்தின்கீழ்க் கனடாவில் பயிற்சி முடித்து வெளியேறிய வானோடிகளும் வழிகாட்டிகளும் பிற விமானக் குழுவினரும் 131,553 பேர். அவர்களுள் ஒரு பகுதியினர் முதன்முதலாகப் பறக்கக் கற்ற இடம், 1941 முதல் 1944 வரை ஒஷாவாவில் இயங்கிய 20ஆம் இலக்கத் தொடக்கநிலைப் பறப்புப் பள்ளியாகும். இன்றைய ஒஷாவா விமான நிலையம் அமைந்துள்ள நிலமே அது.

அங்கு பயன்பட்டது 'ரைகர் மொத்' என்னும் சிறு விமானம். ரொறன்ரோவின் டவுன்ஸ்வியூவில் இருந்த டி ஹவிலண்ட் தொழிற்சாலை இவ்வகை விமானங்களைக் கட்டியது. இரட்டை இறக்கைகள், அவற்றின்மேல் இழுத்து ஒட்டிய துணி, முகப்பில் ஒரு சுழல்விசிறி. இவ்வளவே அதன் தோற்றம். இயந்திரத்தை முடுக்க மின்கருவி கிடையாது. தரைப்பணியாளர் முன்னே நின்று விசிறியைக் கையாற் சுழற்ற வேண்டும். "சுவிச்சு அணைக்கப்பட்டதா?" என அவர் உரக்கக் கேட்பார், உள்ளிருப்பவர் அச்சொற்களையே திருப்பிச் சொல்வார். எரிபொருளை உள்ளிழுக்கச் சிலமுறை விசிறியைத் திருப்பிய பின்னரே, சுவிச்சைப் போடும்படி கூறிப் பலமாக இழுத்துவிட்டு உடனே பின்வாங்குவார். ஒரு சொல்லைப் பிழையாகக் கேட்டாலும் கை போகும், உயிரும் போகலாம். உள்ளே இருப்பவரோ பெரும்பாலும் பறக்கத் தொடங்கிச் சில நாட்களேயான இளைஞர்! திருப்பிச் சொல்லும் அவ்வழக்கம் ஏன் இத்துணைக் கண்டிப்பாகப் பேணப்பட்டது என்பது இதனால் விளங்கும்.

பனிக்காலத்தில் வேலை இரட்டிப்பாகும். இறக்கையின்மேல் மணற்காகிதம்போல மெல்லிய உறைபனி படிந்தாலே விமானத்தை மேலெழுப்பும் விசை குறைந்துவிடும். கார்க் கண்ணாடியைச் சுரண்டிவிட்டுப் புறப்படும் நமக்கு இஃது எளிதிற் புரியும். ஆனால் நாம் ஒரு சிறு துவாரம் சுரண்டிவிட்டு வண்டியை எடுப்பதுபோல அங்கே செய்ய இயலாது.

இத்தொழில்களைக் கற்பிக்க ஒன்ராறியோவின் சென் தோமஸ் நகரில், மனநோய் மருத்துவமனைக்கெனக் கட்டப்பட்ட கட்டடங்களில், பெரியதொரு தொழில்நுட்பப் பள்ளி நடந்தது. இயந்திரம் பார்ப்பவர், உடற்சட்டகமும் இறக்கையும் பார்ப்பவர், கருவிகளைத் திருத்துபவர், வானொலி பார்ப்பவர், படைக்கலம் பொருத்துபவர் எனப் பணிகள் பிரிந்திருந்தன. குண்டு பொருத்துவோரும் தரைப்பணியாளரே என்பதை நாம் மறைக்க விரும்பவில்லை.

1941 யூலையில் பெண்களும் சேர்க்கப்பட்டனர். தொடக்கத்தில் சமையல், எழுதுவினை, வாகனம் ஓட்டல் போன்ற சில பணிகளே அவர்களுக்குத் திறந்திருந்தன. பின்னர் வான்குடை மடித்தலும் இயந்திரம் பழுதுபார்த்தலும் அவர்கள் கைக்கு வந்தன. போர் முடிவதற்குள் 17,000க்கு மேற்பட்ட பெண்கள் பணியாற்றினர். 'ஆடவர் பறக்கும்பொருட்டு நாம் பணிபுரிகிறோம்' என்பது அவர்களது குறிக்கோள் வாசகம். இன்றைய மாணவிகளுக்கு அது சற்றே உறுத்தலாம். அவர்களுக்கு முதலில் ஆண்களின் சம்பளத்தில் மூன்றில் இரு பங்கே வழங்கப்பட்டது என்பதும், 1943இல் அது ஐந்தில் நான்கு பங்காக உயர்ந்தது என்பதும் அதைவிட உறுத்துவன.

பாரம் ஏற்றுவோரின் பணியை விளக்க நம் ஊர் நிகழ்ச்சி ஒன்றே உதவும். 1987 யூன் 4ஆம் நாள் இந்திய வான்படையின் ஐந்து அன்ரனோவ்-32 விமானங்கள், மிராஜ் போர் விமானங்கள் துணைவர, யாழ்ப்பாணத்தின்மீது ஏறத்தாழ 25 தொன் உணவும் மருந்தும் போட்டன. வானத்தில் விமானம் கண்டு அஞ்சிய மக்கள் அன்று அண்ணாந்து பார்த்தனர். அப்பொதிகளை அடுக்கியோர் ஒவ்வொன்றையும் நிறுத்து, விமானத்தின் ஈர்ப்பு மையம் பிசகாதவாறு வைத்திருக்க வேண்டும். பின்வாயிலால் ஒரு பொதி வெளியேறும் கணமே சமநிலை மாறுகிறது. ஆகையால் எது முதலில் விழவேண்டும் என்பதும் தரையிலேயே முடிவு செய்யப்படும். கட்டு ஒன்று இறுகிச் சிக்கிக்கொண்டால் ஆபத்து விமானத்துக்கே. இந்திய வான்படைக்கெனத் தாம்பரத்தில் ஒரு தொழில்நுட்பப் பயிற்சி நிலையம் உண்டு என்பதையும் இங்கு குறித்துவைப்போம்.

இன்று கனடிய வான்படையின் தொழில்நுட்பவியலாளர் ரொறன்ரோவுக்கு வடக்கேயுள்ள போர்டன் தளத்திற் கற்கின்றனர். அவர்களது வேலைத்தலத்திற் கருவிகளை ஒழுங்காக வைப்பது வெறும் அழகுக்காகவன்று. ஒவ்வொரு திருகாணிச் சாவிக்கும் அதன் வடிவிலேயே வெட்டிய இடம் உண்டு. மாலையில் ஓரிடம் வெறுமையாக இருந்தால், அக்கருவி அகப்படும்வரை விமானம் புறப்படாது. இயந்திரத்துள் அகப்பட்ட சிறு திருகாணியொன்றே விசையாழியின் தகடுகளைச் சிதைத்துவிடக்கூடும். திசைதிருப்பும் உறுப்புகளில் ஒருவர் வேலை செய்தால், அதனை இன்னொருவர் தனித்துப் பரிசோதித்துக் கையொப்பமிடவேண்டும். முதலாமவர் எத்துணை அனுபவசாலி ஆயினும் இவ்விதி தளராது.

401 நெடுஞ்சாலையில் கிழக்கே சென்றால் ஒன்றரை மணிநேரத்துக்குள் ட்ரென்ரன் வான்படைத் தளத்தை அடையலாம். அங்குள்ள தேசிய வான்படை அருங்காட்சியகத்தில் ஹலிபக்ஸ் குண்டுவீச்சு விமானம் ஒன்று நிற்கிறது. 1945இல் நோர்வேயில் சுடப்பட்டு மியோசா ஏரியில் மூழ்கிய அவ்விமானம் 1995இல் வெளியே எடுக்கப்பட்டது. அதனைத் துண்டு துண்டாகச் சீர்செய்து நிறுத்தப் பத்தாண்டுகள் சென்றன. 2005இல் வேலை நிறைவுற்றது. பிள்ளைகளை அங்கு அழைத்துச் செல்லும் பெற்றோர், விமானி அமரும் இருக்கையைக் காட்டிய பின்னர், இறக்கையின் அடிப்பக்கத்தில் வரிசையாகச் செல்லும் தறையாணிகளையும் எண்ணிப் பார்க்கச் சொல்லலாம்.