கண்ணுள் பொருத்தும் வில்லையும் கருவிழிப் படலத்தின் நலமும்

தொலைவிலுள்ள பொருள் மங்கித் தோன்றும் கிட்டப்பார்வையுடையார் மாணவருள் பலர். இக்குறையை மூக்குக்கண்ணாடி நீக்கும். அதனை விரும்பாதார்க்கு, இயற்கை வில்லையை அகற்றாமலே கண்ணுள் மற்றொரு வில்லையைப் பொருத்தும் முறை சென்னை, மதுரை முதலிய நகரங்களில் வழங்குகின்றது. கண்ணின் முகப்பிலுள்ள தெளிந்த கருவிழிப் படலத்திற்கு இதனால் ஊறு நேருமோ என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

அப்படலத்தின் உட்புறத்தே ஒற்றை அடுக்காக உயிரணுக்கள் அமைந்துள்ளன. படலத்துட் புகும் நீரை அவை இடைவிடாது வெளியேற்றுதலால் அது தெளிவு குன்றாதிருக்கின்றது. வளர்ந்தோர்க்குச் சதுர மில்லிமீட்டர் ஒன்றில் ஏறக்குறைய 2,500 அணுக்கள் உண்டு. சீயமங்கலத்துப் பல்லவர் குடைவரையில் உளி பெயர்த்த கல் மீண்டும் பாறையோடு பொருந்தாதது போல, அழிந்த அணுக்களும் மீளா. எஞ்சியவை விரிந்து வெற்றிடத்தை நிரப்பும். தொகை 500 அளவிற்குக் குறைந்தால் படலம் நீர்கோத்து வீங்கும், பார்வையும் கெடும்.

1953ஆம் ஆண்டில் இத்தாலியரான ஸ்டிராம்பெல்லி என்னும் மருத்துவர் கிட்டப்பார்வைக்கென வில்லையைப் படலத்தை அடுத்த முன்னறையில் வைத்தார். அக்காலத்து வில்லைகளாற் படலம் கெட்டமையின், பலர்க்கு அவற்றை அகற்ற நேர்ந்தது. இன்று பெரிதும் வழங்கும் மென்வில்லையோ பாவையைச் சூழ்ந்த நிறத்திரைக்குப் பின்னே அமைவது. ஆதலின் படலத்தினின்றும் விலகியுள்ளது. எனினும் அறுவையிற் சில அணுக்கள் அழிதல் கூடும். வில்லை அளவிற் பெரிதாயின் திரையை முன்தள்ளும். சிறிதாயின் இயற்கை வில்லையைத் தொட்டுக் கண்புரையை விளைவிக்கும்.

சிறு கணக்கொன்று காண்போம். இருபது வயதில் 2,500 அணுக்கள் உள்ளவர்க்கு இயல்பாக ஆண்டிற்கு நூற்றுக்கு 0.6 வீதம் குறையின், அறுபதாம் வயதில் ஏறக்குறைய 1,960 எஞ்சும். யாதானும் ஒரு காரணத்தால் அவ்வீழ்ச்சி நூற்றுக்கு 3 ஆயின், 740 அளவே நிற்கும். முதுமையிற் கண்புரை அறுவை வேண்டப்படின், அதனைத் தாங்க இது போதாதாகலாம்.

ஆதலின் வில்லை பொருத்துமுன் முன்னறையின் ஆழம் பொதுவாக 3 மில்லிமீட்டருக்குக் குறையாமை காண்க. அணுக்களையும் நுண்ணோக்கியால் எண்ணுவிக்க. இருபத்தொரு வயதும், கண்ணாடியின் அளவு மாறாமையும் வேண்டும். கண்ணைக் கசக்கும் வழக்கத்தை விடுக. பொருத்திய பின்னரும் ஆண்டுதோறும் எண்ணுவித்தல் இன்றியமையாதது. படலம் கெடத் தொடங்குமுன் நோவு தோன்றாது. எண்ணிக்கை விரைந்து குறைவதாயின், உரிய காலத்தில் வில்லையை அகற்றுதல் இயலும். பார்வை தெளிந்ததென்று பரிசோதனையைக் கைவிடுதல் தகாது.