மூக்கை நம்பாதீர்கள்: குட்டைமூக்கு ஈட்டிமீனை இனங்காணும் வழி

சூரைக்குப் போட்ட தூண்டிலில் ஒல்லியான மீன் ஒன்று ஏறி வந்து படகுத் தட்டில் கிடக்கிறது. மூக்கு ஈட்டி மாதிரிதான் இருக்கிறது, ஆனால் நீளம் போதவில்லை. மயில்மீன் குட்டி என்பார் ஒருவர். மார்லின் என்பார் இன்னொருவர். இரண்டுமே தப்பாக இருக்கலாம். இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கிலும் திரியும் குட்டைமூக்கு ஈட்டிமீனாக அது இருக்கக்கூடும். ஜப்பானிய மீனியலாளர் ஷிகெஹோ தனாகா 1915இல் டெட்ராப்டுரஸ் அங்குஸ்டிராஸ்ட்ரிஸ் என்று பெயரிட்ட இனம் அது.

முதல் கேள்வி, எங்கே பிடித்தது? ஏறத்தாழ 900 மீட்டருக்கு மேல் ஆழமுள்ள கடலில்தான் இதன் நடமாட்டம். பெருங்கூட்டமாகச் சேராது. ஜப்பானியர் இதை ‘ஃபூராய் கஜிகி’ என்கிறார்கள். ஃபூராய் என்றால் காற்று அடித்துக்கொண்டு வந்தது, அதாவது நாடோடி. ஹவாயின் கோனா பக்கம் எரிமலைச் சரிவு செங்குத்தாக இறங்குவதால் கரைக்கு அருகிலேயே ஆழம் கிடைக்கிறது. இந்த மீனும் கிடைக்கிறது. பாக் நீரிணையில் பிடித்தேன் என்று யாராவது சொன்னால் தாராளமாகச் சந்தேகப்படலாம்.

அடுத்து, நிறம் மங்குவதற்குள் பக்கவாட்டில் ஒரு படம். செத்த மீனில் நிறம் நிற்காது. முதுகு கருநீலம், வயிறு வெள்ளி. வரியன் மார்லினுக்கு உள்ளது போன்ற பளிச்சென்ற பட்டைகள் இதற்கு இல்லை.

பிறகு நீளம். கீழ்த்தாடை நுனியிலிருந்து வால் கவட்டை வரை அளக்க வேண்டும். மூக்கு நுனியிலிருந்து அளப்பது வீண், அது உடைந்திருக்கலாம். அதே காரணத்தால்தான் மூக்கு குட்டை என்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வரக்கூடாது. போதாக்குறைக்கு, மற்ற இனங்களின் குஞ்சுகளுக்கும் மூக்கு குட்டைதான்.

முதுகுத் துடுப்பை விரித்துப் பார்க்க வேண்டும். மயில்மீனுக்கு அது பாய்போல உடல் அகலத்தைவிட வெகுவாக உயர்ந்து நிற்கும். ஈட்டிமீனுக்கு முன்பகுதி சற்றே எழும்பி, பின்னால் வால் பக்கம் வரை ஓரளவு ஒரே உயரத்தில் ஓடும், புள்ளிகள் இருக்காது. மார்புத் துடுப்பு குட்டை, குறுகல்.

இனி அளவுகோலை எடுக்கலாம். மீனைப் புரட்டிக் கழிவுத் துளையைத் தேட வேண்டும். மயில்மீனிலும் மார்லினிலும் அது குதத் துடுப்பை ஒட்டினாற்போல இருக்கும். ஈட்டிமீனில் வெகுவாக முன்தள்ளி இருக்கும். துளைக்கும் துடுப்புக்கும் நடுவிலுள்ள இடைவெளியை ஒருமுறை, அந்தத் துடுப்பின் உயரத்தை ஒருமுறை அளந்தால் போதும். இடைவெளி உயரத்துக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருந்தால் சந்தேகமே வேண்டாம். மூக்கு உடைந்தாலும் நிறம் போனாலும் இந்தக் கணக்கு மாறாது.

அறுக்கும்போது இரைப்பையைத் திறந்தால் கணவாயும் பறக்கும் கோலாவும் அகப்படலாம். தலையைப் பிளப்பவர்கள் கண்ணருகே உள்ள கருஞ்சிவப்புத் திசுவைப் பார்க்காமல் விடக்கூடாது. கண்ணை அசைக்கும் தசையின் ஒரு பகுதிதான் அங்கே அடுப்பாக மாறி மூளைக்கும் கண்ணுக்கும் சூடேற்றுகிறது. மயில்மீனுக்கும் மார்லினுக்கும்கூட அது உண்டு என்பதால் அடையாளத்துக்கு உதவாது.

எடையும் ஓரளவு சொல்லும். தூண்டில் விளையாட்டுக்காரர்களின் உலகச் சாதனை, 2008இல் ஆஸ்திரேலியாவில் சிட்னி அருகே பிடித்த 50 கிலோ மீன். நூறு கிலோ மீனைக் காட்டி ஈட்டிமீன் என்றால் அது வேறு ஏதோ.

கடைசியாகப் பதிவேடு. இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையத்தின் பொறுப்பில் 16 இனங்கள் உள்ளன. மயில்மீனும் மூன்று மார்லின்களும் வாள்மீனும் அதில் அடக்கம், ஈட்டிமீன் இல்லை. அதனால் ‘மார்லின்’ என்று பொதுவாக எழுதிவிடாமல், ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு இதற்குத் தந்த குறியீட்டை எழுதுங்கள்: எஸ்.எஸ்.பி.