மணியில் இருந்த பெயர்

உங்கள் வீட்டில் பெயர் வெட்டிய பாத்திரம் இருக்கிறதா? குடம், அண்டா, சொம்பு, எதுவானாலும் சரி. யாருடைய கல்யாணம், யார் கொடுத்தது, என்ன தேதி என்று புள்ளி புள்ளியாக வெட்டியிருப்பார்கள். கொடுத்தவர் இறந்து போயிருப்பார். பாத்திரம் மட்டும் அவர் பெயரைச் சொல்லிக் கொண்டிருக்கும்.

சீன நாட்டில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே 2,400 ஆண்டுப் பழமையான மணிகள் இருக்கின்றன. அவற்றிலும் பெயர் இருக்கிறது. இன்று அங்கே போவோம். நான் நேரில் போனதில்லை. படித்ததையும் படத்தில் பார்த்ததையும் வைத்துத்தான் உங்களை அழைத்துப் போகிறேன்.

ஊரின் பெயர் வூஹான். யாங்சி என்ற பெரிய ஆறு இந்த ஊர் வழியாக ஓடுகிறது. ஹூபெய் மாகாணத்தின் தலைநகரம் இது. மாகாண அருங்காட்சியகம் ஓர் ஏரிக்கு அருகில் இருக்கிறது. உள்ளே போகக் கட்டணம் இல்லை. நேராக மணிகள் இருக்கும் கூடத்துக்குப் போவோம்.

மொத்தம் 65 மணிகள். எல்லாம் வெண்கலம். மூன்று அடுக்குச் சட்டத்தில் தொங்குகின்றன. இடுப்பில் வாள் செருகிய வெண்கல மனிதர்கள் சட்டத்தைத் தாங்கி நிற்கிறார்கள். மிகச் சிறிய மணி ஏறக்குறைய ஒரு சாண் உயரம். மிகப் பெரிய மணி ஐந்தடி உயரம். அதன் எடை 203 கிலோ. கிட்டத்தட்ட மூன்று நெல் மூட்டை எடை!

நம் கோயில் மணி வட்டமாக இருக்கும். அடித்தால் ஓசை நெடுநேரம் இழுக்கும். இந்த மணிகள் வட்டமாக இல்லை. இரண்டு ஓடுகளை எதிரெதிராகச் சேர்த்து வைத்தது போன்ற வடிவம். உள்ளே நாக்கு கிடையாது. வெளியே மரச் சுத்தியால் தட்ட வேண்டும். பெரிய மணியை நீண்ட மரத்தடியால் இடிக்க வேண்டும். ஓசை சீக்கிரம் அடங்கிவிடும். அதனால்தான் அடுத்தடுத்துத் தட்டி இசை வாசிக்க முடிகிறது.

இன்னொரு வியப்பும் உண்டு. ஒரே மணியில் இரண்டு சுரம் வரும். நடுவில் தட்டினால் ஒன்று. பக்கத்தில் தட்டினால் வேறொன்று. எங்கே தட்டினால் எந்தச் சுரம் என்று மணியின் மேலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். மணிகள், சட்டம், கொக்கிகள் எல்லாவற்றிலும் சேர்த்து 3,700க்கும் மேற்பட்ட எழுத்துகள் உள்ளன.

இவை எப்படிக் கிடைத்தன? 1977-ஆம் ஆண்டு, சுய்ஜோ என்ற ஊருக்கு அருகே, கட்டடம் கட்டுவதற்காகப் படைவீரர்கள் ஒரு குன்றைச் சமன் செய்தார்கள். ஓரிடத்தில் மண்ணின் நிறம் மாறியிருந்தது. மறு ஆண்டு அங்கே தோண்டினார்கள். அது ஒரு பெரிய கல்லறை. உள்ளே முழுவதும் தண்ணீர். தண்ணீரை இறைத்தபோது, பெரும்பாலான மணிகள் தொங்கியபடியே இருந்தன. அந்த ஆண்டே அவற்றைத் தட்டி வாசித்தார்கள். இன்று பழைய மணிகளைத் தட்டுவதில்லை. அதே போல் செய்த புது மணிகளில் வாசித்துக் காட்டுகிறார்கள்.

கல்லறை யாருடையது? எழுத்துதான் சொன்னது. செங் என்பது ஒரு சிறு நாடு. அதன் அரசர் யீ. அவர் பெயர் மணிகளில் இருக்கிறது. கீழ் அடுக்கின் நடுவில் உள்ள மணி மட்டும் வேறு மாதிரி. அது அன்பளிப்பு. சூ நாட்டு மன்னர், தம் ஆட்சியின் 56-ஆம் ஆண்டில் யீக்காகச் செய்தது. நம் பாத்திரத்தைப் போலவே, யார் கொடுத்தது, யாருக்கு, எந்த ஆண்டு என்று அதில் இருக்கிறது. கணக்குப் போட்டால் அந்த ஆண்டு கி.மு. 433.

வேறு கல்லறையில் 1965-ஆம் ஆண்டு கிடைத்த ஒரு வாளும் இந்த அருங்காட்சியகத்தில் உண்டு. அதில் எட்டே எழுத்துகள். யுவே நாட்டு மன்னர் கோஜியன் தமக்காகச் செய்துகொண்ட வாள் என்று பொருள்.

மணிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடக் கூடாது. அரசர் யீயின் கல்லறையில் அவர் மட்டும் இல்லை. 21 பெண்களும் இருந்தார்கள். எட்டுப் பேர் அவர் இருந்த அறையில். பதின்மூன்று பேர் இன்னோர் அறையில். ஒவ்வொருவரும் ஒரு மரப்பெட்டியில். அரசர் இறந்ததால் அவர்களையும் சேர்த்துப் புதைத்துவிட்டார்கள். எலும்புகளை ஆராய்ந்து வயதைச் சொல்கிறார்கள். 13 வயதுச் சிறுமியும் இருந்திருக்கிறாள். மூத்தவர்களுக்கே 25 வயது இருந்தால் அதிகம். சிலர் ஆடிப் பாடியவர்களாக இருக்கலாம் என்கிறார்கள். இந்த மணிகளின் ஓசைக்கு ஆடியிருப்பார்களோ, என்னவோ.

கல்லறைப் பொருள்களில் யீயின் பெயர் 200க்கும் மேற்பட்ட இடங்களில் இருக்கிறது. மணியின் சுரத்துக்குப் பெயர் இருக்கிறது. அந்த 21 பேரில் ஒருத்தியின் பெயர்கூட நமக்குத் தெரியாது.

பயிற்சி: வீட்டில் பெயர் வெட்டிய பாத்திரம் ஒன்றை எடுங்கள். அதில் உள்ளதைப் படித்து நோட்டில் எழுதுங்கள். யார் பெயர் இருக்கிறது? அதில் தினமும் சமைப்பவர் பெயர் இருக்கிறதா?