மீன் மீனாக எண்ணுங்கள்



ஐம்பது கெண்டையில் இருநூறு நங்கூரப் புழுக்கள் என்றால், மீனுக்கு நான்கு என்று எழுதிவிடத் தோன்றும். எழுதாதீர்கள். சரியாக நான்கு புழு உள்ள மீன் அந்த வலையில் ஒன்றுகூட இல்லாமல் போகலாம். பல மீன்களில் ஒன்றுமே இருக்காது. சில மீன்கள் மட்டும் கொத்துக்கொத்தாகச் சுமக்கும். ஒட்டுண்ணி வாழ்வின் அடிப்படைக் குணமே இந்தச் சமமின்மைதான் என்று ஒட்டுண்ணியியலாளர் கிராஃப்டன் 1971இல் வாதிட்டார். அதற்கு அவர் எடுத்துக்கொண்டது, நன்னீரில் வாழும் சின்னஞ்சிறு ஓட்டுடலிகளுக்குள் இருந்த முள்தலைப் புழுக்களின் கணக்கு.

எனவே குறிப்பேட்டில் ஒரு மீனுக்கு ஒரு வரி. புழு இல்லாத மீனுக்கும் பூஜ்யம் போட்டு ஒரு வரி.

கணக்கு கெடுவது பெரும்பாலும் ஆற்றங்கரையிலேயே. நார்வேயின் சால்மன் ஆறுகளைச் சீரழித்த கைரோடாக்டைலஸ் சலாரிஸ் என்ற ஒட்டுண்ணிப் புழு அரை மில்லிமீட்டர் நீளம்தான். பின்முனை விளிம்பில் 16 கொக்கிகளால் தோலைப் பற்றியிருக்கும். மீன்கள் உரசினால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும். மீன் செத்தாலும் வேறு இடம் தேடும். பிடித்ததையெல்லாம் ஒரே வாளியில் போட்டால், ஆய்வகம் சேருமுன்பே எந்தப் புழு எந்த மீனுடையது என்பது கலைந்துவிடும். கரையிலேயே ஒவ்வொன்றையும் தனிப் புட்டியில் ஆல்கஹாலில் இடுங்கள். புட்டியின் அடியில் உதிர்ந்து கிடப்பதையும் எண்ணுங்கள்.

இப்புழு முட்டையிடாது, குட்டி போடும். பிறக்கும் மகளின் வயிற்றிலேயே அடுத்த கரு வளர்ந்துகொண்டிருக்கும். அதனால் ஒரே மீனின் மேல் தலைமுறைகள் பெருகும். பால்டிக் பகுதியிலிருந்து 1970களில் நார்வேக்கு வந்த இது, அங்குள்ள சால்மன் குஞ்சுகளைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றது. ரோட்டினோன் என்ற நஞ்சை ஊற்றி ஆற்று மீன்களையே அழித்துத்தான் பல ஆறுகளை மீட்டார்கள். ஆனால் பால்டிக்கில் கலக்கும் நேவா ஆற்றின் சால்மன் அதே புழுவை அடக்கிவிடுகிறது. புழுவை மட்டும் பார்த்தால் இந்த வேறுபாடு பிடிபடாது.

மீனையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பதற்கு, ஆய்வாளர்கள் மர்லின் ஸ்காட்டும் ராய் ஆண்டர்சனும் 1984இல் வெளியிட்ட, ஒட்டுண்ணிப் புழு தொற்றிய கப்பி மீன்களின் சோதனை அருமையான பாடம். தொட்டியில் புதிய மீன்களை விட்டுக்கொண்டே இருந்தபோது புழுக்கூட்டம் ஏறி இறங்கி நிலைத்தது. தனி மீனிலோ பெருகி, பிறகு எதிர்ப்பால் சரிந்துவிடும்; இல்லையேல் மீன் சாகும்.

வலையில் கிடைத்த பெரிய மீன்களில் புழு குறைவா? அவை எதிர்ப்புப் பெற்றவையாக இருக்கலாம். அதிகம் சுமந்தவை ஏற்கெனவே செத்துப்போயிருக்கவும் கூடும். தனித்தனித் தொட்டிகளில் மீன்களை வைத்து, அதே மீனை மயக்க மருந்தில் கிடத்தி வாரக்கணக்கில் எண்ணிப் பார்த்த பிறகே எதுவென்று எழுதுங்கள்.