பச்சை விளக்கும் நான்கு படிகளும்

சென்ற விடுமுறையில், பேராதனையில் இயன்மருத்துவம் படிக்கும் என் ராத்தா தெமோதரைக்கு வந்தபோது மடிக்கணினியோடு காதுச் சோணையில் மாட்டும் சிறு கவ்வி ஒன்றையும் கொண்டுவந்தார். உயர்தரப் பரீட்சை நெருங்க நெருங்க, வினாத்தாளைக் கண்டாலே எனக்கு நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். மாதிரிப் பரீட்சை ஒன்றில், தெரிந்த கேள்விக்கே விடை எழுத முடியாமல் எழுந்து வந்திருந்தேன். உம்மாவிடம் மறைத்ததை ராத்தாவிடம் சொன்னேன். அதற்குத்தான் அந்தக் கவ்வி.

தோழியரே, நமது இதயம் மணிக்கூட்டைப் போல ஒரே சீராகத் துடிப்பதில்லை. மூச்சை உள்ளிழுக்கையில் சற்று விரைகிறது, வெளிவிடுகையில் தணிகிறது. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையிலான நேரம் இப்படி மாறிக்கொண்டே இருப்பதை இதயத் துடிப்பு மாறுபாடு என்பார்கள். கவ்வியிலுள்ள ஒளி, சோணையில் ஓடும் குருதியின் ஏற்ற இறக்கத்தை அறிந்து கணினிக்கு அனுப்புகிறது. 10 செக்கனுக்கு ஒன்றாக, நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 மூச்சு விட்டால், திரையில் கோணல்மாணலாக ஓடிய கோடு அலையலையாக ஒழுங்குபடும். குருதியமுக்கத்தைச் சீர்செய்யும் உடலின் ஏற்பாடும் கிட்டத்தட்ட அதே தாளத்தில் இயங்குவதே காரணம்.

ராத்தாவிடம் இருந்தது எம்வேவ் என்ற மென்பொருள். 1991 இல் கலிபோர்னியாவில் தொடங்கிய ஹார்ட்மெத் அமைப்பின் ஆய்வுகளோடு தொடர்புடையது. அலை குழம்பினால் சிவப்பு, ஓரளவு சீரானால் நீலம், நன்கு சீரானால் பச்சை. அதில் நான்கு கடினப் படிகள் உண்டு. நான் எதைத் தெரிந்திருப்பேன்? நான்காவதைத்தான். முதற்படி சின்னப் பிள்ளைகளுக்கு என்று நினைப்பு.

பத்து நிமிடமும் சிவப்பே எரிந்தது. பச்சையைப் பிடிக்கப் பெரிய பெரிய மூச்சாக இழுத்ததில் தலை சுற்றியது. மெதுவாக விட வேண்டிய மூச்சை அளவுக்கு மிஞ்சி ஆழமாக இழுத்தால் இப்படித்தான் ஆகுமாம். "யாருக்குக் காட்ட இந்தப் பாடு?" என்று கேட்டு, ராத்தா படியை ஒன்றுக்கு இறக்கினார். சற்று ஆறி, சாதாரணமாக மூச்சு விட்டேன். நீலம் வந்தது, பிறகு பச்சை.

இங்கேதான் எனக்கு விளங்கியது. கடினப் படி நம் இதயத்தை எதுவும் செய்வதில்லை. உயரம் பாய்தலில் குறுக்குக்கம்பியை ஏற்றி இறக்குவது போல, எவ்வளவு சீரான அலைக்குப் பச்சை காட்டுவது என்ற எல்லையை மட்டுமே அது மாற்றுகிறது. முதற்படியில் பச்சை வாங்கிய அதே அலை நான்காம் படியில் சிவப்பு வாங்கலாம். பதற்றத்தைத் தணிக்க உட்கார்ந்தவளுக்கு, சிவப்பைப் பார்த்துப் பார்த்தே பதற்றம் கூடினால் என்ன பயன்?

ராத்தா சொன்ன முறை எளியது. முதற்படியில் தொடங்கு. சில நாள் தொடர்ந்து பெரும்பகுதி நேரம் பச்சை எரிந்தால் ஒரு படி ஏறு. சிவப்பே மிகுந்தால் வெட்கப்படாமல் இறங்கு. கொப்பியில் பெறுபேற்றோடு படியையும் எழுது.

அந்தக் கொப்பியை வாப்பா பார்த்துவிட்டார். ஒரு பக்கத்தில் பச்சை 90 வீதம்; அடுத்த பக்கத்தில் 40. "ஏன் மகள் இறங்கிட்டீங்க?" என்றார். இறங்கவில்லை, இரண்டாம் படிக்கு ஏறியிருந்தேன்! பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்: வெவ்வேறு படிகளின் எண்களை ஒப்பிடக் கூடாது. தவணை அறிக்கையைப் போல இதைப் பார்த்து "எப்போது நான்காம் படி?" என்று கேட்பதும் நல்லதல்ல.

வாப்பாவுக்கு விளக்க நம்மூர்ப் புகையிரதப் பாதையே உதவியது. பதுளையிலிருந்து ஏறிவரும் வண்டி, தெமோதரை நிலையத்துக்கு நேர் கீழேயுள்ள சுரங்கத்தில் புகுந்து, குன்றைச் சுற்றி வந்த பிறகே நிலையத்தை அடைகிறது. மலைநாட்டுப் பாதையில் 44 அடிக்கு 1 அடிக்கு மேல் ஏற்றம் வைக்க முடியாததால், செங்குத்தாக ஏறாமல் பாதையை நீட்டினார்கள். கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டியதிலிருந்து இந்த யோசனை பிறந்ததாக ஒரு கதையும் உண்டு. வாப்பா சிரித்துவிட்டு, "அப்ப சுத்தியே வாங்க" என்றார்.

இன்னும் சில. நம்மூர் விடியற்காலைக் குளிரில் சோணை சில்லிட்டிருந்தால் குருதியோட்டம் குறைந்து கவ்வி சரியாக அறியாது. தேய்த்துச் சூடாக்கிவிட்டு மாட்டுங்கள். தலையை ஆட்டினாலும் கோடு குழம்பும். அந்தச் சிவப்புக்கும் உங்கள் மனதுக்கும் தொடர்பில்லை. துடிப்பு இயல்பாகவே ஒழுங்கற்றிருப்பவர்களுக்கு இக்கருவி பிழையாகக் காட்டும். அவர்கள் வைத்தியரிடம் கேட்க வேண்டும்.

அடுத்த மாதிரிப் பரீட்சை நாளன்று காலையில் மீண்டும் முதற்படிக்கே இறங்கி ஐந்து நிமிடம் உட்கார்ந்தேன். மண்டபத்துக்குள் கவ்வியைக் கொண்டுபோக முடியாதே. வினாத்தாளைத் திருப்புமுன் 6 மூச்சு எண்ணினேன். கை கொஞ்சம் நடுங்கியது. ஆனாலும் கடைசிக் கேள்வி வரை எழுதினேன்.