தூரமும் பிரயாண நேரமும்

தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் கிடைக்கும் என்பது பள்ளிகளில் கற்பிக்கப்படும் கணக்கு. ஆகாயப் பிரயாணத்தில் இக்கணக்கைப் போடுமுன், எந்தத் தூரம், எந்த வேகம் என்னும் இரு வினாக்களுக்கு விடை காண வேண்டும். டில்லியிலிருந்து அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள சான் பிரான்சிஸ்கோவிற்குச் செல்லும் பிரயாணத்தைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

முதலில் தூரம். வகுப்பறைச் சுவரிலுள்ள உலகப் படத்தில் இவ்விரு நகரங்களையும் நேர்க்கோட்டால் இணைத்தால், அக்கோடு பெரும்பாலும் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து செல்லும். பூகோள உருண்டையின் மீது ஒரு நூலை இறுகப் பிடித்தாலோ, அது சைபீரியாவின் மேலாக வடக்கே சென்று, வடதுருவப் பகுதியின் ஓரத்தைக் கடந்து, வட அமெரிக்காவை அடையும். நூல் காட்டுவதே மிகக் குறுகிய வழி. இதனைப் பெருவட்டப் பாதை என்பர். இதன் நீளம் ஏறத்தாழ 12,400 கிலோமீட்டர். உயர்ந்த மலைகள், வானிலை, அவசரத்தில் இறங்குவதற்கான நிலையங்கள் ஆகியவற்றைக் கருதி விமானங்கள் இதனினும் நீண்ட வழியில் செல்வதுண்டு.

அடுத்து வேகம். விமானத்தின் வேகம் அதனைச் சூழ்ந்த காற்றை ஒட்டியது. காற்றோ ஓரிடத்தில் நிற்பதன்று. சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில், மத்திய அட்சரேகைகளில், மேற்கிலிருந்து கிழக்காகக் காற்று வேகமாக ஓடுகிறது. குளிர்காலத்தில் இது மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேற்படுவதும் உண்டு. ஆற்றில் நீரோட்டத்தோடு செல்லும் ஓடம் விரைவதும், எதிர்த்துச் செல்லும் ஓடம் தாமதிப்பதும் போன்றதே இதன் விளைவு.

2015 டிசம்பரில் ஏர் இந்தியா நிறுவனம் இவ்விரு நகரங்களுக்கிடையே நேரடிப் போக்குவரத்தைத் தொடங்கியபொழுது, அமெரிக்கா செல்லும் விமானம் மேற்கு நோக்கி, அட்லாண்டிக் வழியாக ஏறத்தாழ 13,900 கிலோமீட்டர் பறந்தது. 2016 அக்டோபரில் அது கிழக்கு நோக்கி, பசிபிக் வழியாக ஏறத்தாழ 15,300 கிலோமீட்டர் பறந்தது. தூரம் 1,400 கிலோமீட்டர் கூடிற்று; நேரமோ ஏறத்தாழ இரண்டு மணி குறைந்து, பதினான்கரை மணியாயிற்று.

15,300-ஐ 14.5-ஆல் வகுத்தால் மணிக்கு ஏறத்தாழ 1,055 கிலோமீட்டர் வருகிறது. இத்தகைய விமானம் அமைதியான காற்றில் செல்லும் வேகம் மணிக்கு ஏறக்குறைய 900 கிலோமீட்டரே. எஞ்சியது பின்காற்றின் உதவி. பறக்கும் நேரம் குறைந்தால் எரிபொருளும் மிச்சமாகும். ஆகவே விமானம் புறப்படுமுன் வானிலை நிலையத்தார் தரும் மேற்காற்றுக் கணிப்புகள், விமானத்தில் நிரப்ப வேண்டிய எரிபொருளின் அளவையே நிர்ணயிக்கின்றன.

ஆசிரியர்கள் இப்பாடத்தை ஓர் உருண்டையையும் நூலையும் கொண்டு எளிதில் நடத்தலாம். முடிவில் மாணவரிடம் இக்கணக்கைக் கொடுக்கலாம்: அதே பசிபிக் வழியில், அதே காற்றை எதிர்த்துத் திரும்பினால் எத்தனை மணி நேரமாகும்? 900-லிருந்து 155-ஐக் கழித்து வகுப்பவர்கள், விடை இருபது மணிக்கு மேற்படுவதைக் கண்டு, காற்றின் வலிமையைத் தாமே உணர்வார்கள்.