காப்பகத்து நாய் வீட்டுக்கு வருகிறதா?

"டாக்டர், சிப்பிப்பாறைக் குட்டி ஒண்ணு வாங்கலாம்னு இருந்தோம். லீவுக்குச் சென்னை போன எம் பையன் அங்க காப்பகத்துல ஒரு நாட்டு நாயைப் பார்த்துட்டு, அதுதான் வேணும்னு ஒத்தைக்கால்ல நிக்கிறான். வீட்ல சின்னப் பிள்ளைக இருக்கு. பயமா இருக்கே?"

கேட்டவர் கோவில்பட்டி டீச்சர் ஒருவர். பயம் நியாயமானதுதான். ஆனால் காசு கொடுத்து வாங்கும் குட்டிக்கும் இதே பயம் வர வேண்டுமே!

சென்னையில் 1959-ல் தொடங்கிய புளூ கிராஸ், 1964-லேயே தெரு நாய்களுக்குக் கருத்தடை செய்ய ஆரம்பித்த அமைப்பு. கருத்தடையும் வெறிநாய்த் தடுப்பூசியும் ஆன நாய் கிடைப்பது காப்பகத்தில் உள்ள பெரிய லாபம். இருந்தாலும் வாய்ச்சொல் போதாது. ஊசி போட்ட தேதியுள்ள அட்டையைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். குட்டியானால் மூன்று மாதம் முடிந்ததும் முதல் ஊசி, டாக்டர் சொல்லும் தேதியில் பூஸ்டர், அப்புறம் வருடாவருடம். குடல்புழு மருந்தையும் மறக்கக் கூடாது. நாயின் புழு முட்டை மண்ணில் கலந்து, விளையாடும் குழந்தையின் விரல் வழியாக வயிற்றுக்குள் போய்விடும்.

முதல் இரண்டு வாரம்தான் கண்டம். வீட்டில் ஏற்கெனவே பிராணி இருந்தால் இரண்டையும் தனித்தனியே வையுங்கள். டிஸ்டெம்பர் மாதிரி நோய்கள் சில நாள் கழித்துத்தான் தலைகாட்டும். புது நாய் கட்டிலுக்கு அடியில் ஒளிந்தால் ஒளியட்டும். வாலைப் பிடித்து இழுக்கும் குழந்தையைத்தான் அது கடிக்கும். கோபத்தில் அல்ல, பயத்தில்!

நம் கரிசல் வெயிலைச் சொல்லவா வேண்டும்? நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது; நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். மொட்டை மாடியில், தகரக் கொட்டகையில் கட்டிப்போடுவது கொலைக்குச் சமம். வேப்பமர நிழலும் மண்தொட்டி நிறையத் தண்ணீரும் போதும். தீபாவளிக்கு வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்துங்கள். முதல் வெடிக்கே தெறித்து ஓடி, வழி தெரியாமல் தொலைந்துபோகும்.

வெங்காயம், திராட்சை, சாக்லேட் நாய்க்கு விஷம். பூனை எடுப்பவர்களுக்கு இன்னொன்று: காய்ச்சல் என்று பாரசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு ஒரே மாத்திரை எமனாகிவிடும்.

கடித்துவிட்டால்? செல்லநாய்தானே என்று விடக் கூடாது. பல் பட்ட கீறலும் கடிதான். குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ஊசி இலவசம். தோலில் போடும் முறை என்றால் முதல் ஊசிக்குப் பிறகு 3, 7, 28-ஆவது நாட்களில் மறுபடி போட வேண்டும். ஆழமான காயமென்றால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலினையும் கேளுங்கள். வெறிநோய் அறிகுறி வந்தபின் காப்பாற்றுவது அநேகமாக முடியாது.

டீச்சர் வீட்டுக்கு நாய் வந்துவிட்டது. ஒன்பது நாள் கட்டிலடியைவிட்டு வெளியே வரவில்லையாம். "நாயெல்லாம் எதுக்கு?" என்று கத்திய ஆச்சிதான் இப்போது சோறு வைக்கிறாராம்.